சகலனின் காற்றுக் கூடாரம்

ஆகஸ்ட் 14, இரவு. மடு மாதா கோவில் வளவு.

தாழ்வுபாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்தால் எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் கூடாரம் அடித்துக் கொடுப்பவன் நான். தடி நடவும் கயிறு இழுக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை சகலன் கனடாவிலிருந்து வந்த காற்றுக் கூடாரத்தைக் கொண்டுவந்துவிட்டார். தடியும் இல்லை, கயிறும் இல்லை. பம்பால் அடிக்க அடிக்க அது தானாக எழும்பி நின்றது. சனம் சுற்றி நின்று பார்த்தது.

"அத்தான்ர கூடாரத்தைப் பாருங்கோ, உள்ளுக்க நிண்டே உடுப்பு மாத்தலாம்," என்றாள் என் மனைவி ஸ்ரெல்லா. இத்தனை வருடம் என் தறப்பாள் கூடாரத்துக்குள் குனிந்து மாற்றியவள்!

சகலன் நிலத்தைக் கூட்டாமல், முள் பொறுக்காமல்தான் அதை விரித்திருந்தார். கண்டேன். வாய் திறக்கவில்லை.

மாலை வேஸ்பர் ஆராதனை முடிந்து வந்தபோது அது ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"தம்பி, ஒருக்கா வாரும், இது இறங்குது," என்று சகலன் கூப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் திருவிழா.

"தடி எண்டா நட்டுத் தருவன். காத்துக்கு நான் என்ன செய்யிறது?" என்றேன்.

அவரே திரும்பக் காற்றடித்துவிட்டுப் படுத்தார். குறட்டை இங்கே கேட்கிறது.

தறப்பாளின் கீழ் நான் மட்டும்தான். ஸ்ரெல்லாவும் பிள்ளைகளும் சகலனின் கூடாரத்தில்தான் படுத்திருக்கிறார்கள், இடம் தாராளமாம். அது மறுபடி சரிகிறது. சின்னவள் படுத்திருக்கும் பக்கம்தான் துணி தொங்குகிறது. அந்தப் பாழாய்ப்போன பம்பை எங்கே வைத்தாரோ, எழும்பிப் போய் நான்தான் காற்றடிக்க வேண்டும்.