ஜன்னலோரச் சங்குப்பூக்கொடி

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், காது மட்டும் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. இனி மருந்து மாற்றிப் பயனில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். படுக்கையில் விழுவதற்கு முன்னால் அப்பா கடைசியாகச் செய்த வேலை, ஒர்க்‌ஷாப் வேலியில் தானாகப் படர்ந்திருந்த சங்குப்பூக்கொடியில் விதை எடுத்து வந்து நம் ஜன்னலுக்கு வெளியே ஊன்றியதுதான். நர்சரிக்காரர் ஏதோ வெளிநாட்டுக் கொடியைத் தருகிறேன் என்றதற்கு, இது இந்த மண்ணுலயே பொறந்தது, யார் தயவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலமெல்லாம் லேத் ஓட்டியவர் இல்லையா, கொடி ஏறக் கம்பி கட்டியதில்கூட ஒரு நூல் பிசகவில்லை. அது ஏற ஏற இவர் இறங்கிக்கொண்டே வந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அது பூக்கறதப் பாத்துட்டேன்னா போதும், நிம்மதியா போயிடுவேன் என்றார். மறுவாரமே மொட்டு வைத்துவிட்டது, சனியன். கிள்ளிப் போட்டேன். அன்றிலிருந்து அவர் கண் விழிப்பதற்குள் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் போய் எல்லாவற்றையும் கிள்ளி, டீத்தூள் சக்கையோடு குப்பையில் போடுகிறேன். கிள்ளக் கிள்ளக் கிளை வெடித்து இன்னும் அதிகமாக மொட்டு விடுகிறது. பூக்கிற கொடியைப் பூக்கவிடாதவள் விளங்குவாளா? எனக்கு வேறு வழி தெரியவில்லை குட்டி. நீ வருகிறவரை அவரைப் பிடித்து வைக்க என்னிடம் இருப்பது இந்த இரண்டு விரல்தான்.

நேற்று முகம் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். பச்சைக் கறை ஏறிக் கிடந்தது. திட்டப்போகிறார் என்று பயந்தேன். எனக்கு எல்லாம் தெரியும்டி, அவ வர்றவரைக்கும் கிள்ளிக்கிட்டே இரு, நானும் பாக்காத மாதிரியே இருந்துக்கறேன் என்றார். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அப்புறம் கண்ணாலேயே ஜன்னலுக்கு மேலே காட்டி, அங்க ஒண்ணு நீலம் கட்டி நிக்குது பாரு, அது உனக்கு எட்டாது என்றார். ஸ்டூல் போட்டும் பார்த்துவிட்டேன். எட்டவில்லை.

லீவு கேட்கக் கூச்சப்படாதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும். எந்த நேரத்தில் வந்தாலும் பெல் அடித்துக்கொண்டு நிற்காதே, சாவி மீட்டர் பெட்டிக்குள்தான் இருக்கிறது. என்னைத் தேடாமல் நேரே அப்பாவிடம் போ.

இப்படிக்கு,
உன் அம்மா