அல்லாஹ்வின் பேரில் விற்ற சீத்தை

1932 ஒக்டோபர், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மடவளைக் கடைத்தெரு முழுக்கச் சேறு. பூப்போட்ட புதுச் சீத்தைத் துணிக் கட்டு வந்தது. மேல் மடிப்பு நனைந்து, சிவப்புச் சாயம் சாக்கில் இறங்கியிருக்கிறது. ஹனீபாவிடம் காட்டினேன். என் மனைவி சுபைதாவின் தம்பி, கடையில் என் கூட்டாளி. "தெரியும் மச்சான்" என்றான். அவ்வளவுதான்.

மத்தியானம் மெனிக்கே வந்தாள், மேட்டு வீட்டுச் சிங்களப் பெண். மகளுக்குச் சட்டைத் துணி. சாயம் போகுமா என்று கேட்டாள். ஹனீபா: "வல்லாஹி போகாது!" அல்லாஹ் மேல் ஆணையாம்! நான் உள்ளேயிருந்து வருவதற்குள் துண்டு வெட்டியாயிற்று. அதே வாயோடு லுஹர் தொழப் போனான். வரிசையில் பக்கத்தில் நான். எனக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை.

சுபைதா வாங்கி வரச் சொன்னது: அரிசிமா, தேங்காய், கித்துள் கருப்பட்டி, கஜு. தொதல் கிண்டப் போகிறாள். வெள்ளிக்கிழமை தம்பியைப் பள்ளிவாசல் மரைக்கார் ஆக்குகிறார்கள். பள்ளியின் பொறுப்பு முழுக்க இனி அவன் கையில். நல்ல கை!

புதன்

தூறல். கடை திறந்ததும் மெனிக்கே. கையில் ஈரத்துணி. பௌர்ணமிப் போயாவுக்குப் புத்த கோயில் பன்சலைக்கு உடுத்துகிற வெள்ளை. சீத்தையோடு சேர்த்து நனைத்திருக்கிறாள். வெள்ளை முழுக்கச் சிவப்புத் திட்டு.

சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. "முதலாளி, துணி போனா போகட்டும். உங்க சாமி பேர் சொல்லித்தானே தந்தது? அதுக்குத்தானே நான் வாங்கினது."

ஹனீபா: "வல்லாஹி, இது ஆத்துத் தண்ணிட குத்தம்."

திரும்பவும்! அவள் முகத்துக்கு நேரே! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நல்ல வெள்ளையாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஏன்டா, பொய்தான் சொன்ன. அதுக்கு அந்தப் பேர் என்னத்துக்கு?"

"யாவாரத்துல எல்லாரும் செல்ற பேச்சுதானே மச்சான்."

யாவாரப் பேச்சாம்.

வியாழன்

சரக்குக்குக் கண்டி போனேன். வாங்கியது: நூல், பொத்தான், வெள்ளை மல் துணி. குடை கம்பி உடைந்தது. திரும்பப் பஸ்ஸில் ஏறினால், கிளம்புகிற வழியைக் காணோம். ஒரு கிழவர் கொண்டக்டரிடம் எப்போது போகும் என்று கேட்டார், சிங்களத்தில்.

"அஞ்சு நிமிஷம்."

"வல்லாஹி அஞ்சு நிமிஷமா, நிச அஞ்சு நிமிஷமா?"

பஸ்ஸே சிரித்தது. என் தொப்பியைப் பார்த்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவரிடம் குரோதமே இல்லை. ஊரில் புழங்குகிற பேச்சு. நாம் கற்றுக்கொடுத்ததுதானே! நாள் முழுக்க நாம் ஓதுகிற பேர் அவர்களுக்குப் பொய் என்பதற்கு இன்னொரு சொல். மடவளை வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளி

மழை இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, தொழுவிக்கிற லெப்பை மரைக்காருக்கு ஹனீபாவின் பேரைச் சொன்னார். எழுந்துவிட்டேன். சீத்தை, மெனிக்கே, பஸ், எல்லாம் சொன்னேன்.

லெப்பை: "சத்தியம் பண்ணிச் செல்லுவீங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேன் லெப்பை. வெறும் வாயால செல்றேன். நம்புறதுன்னா நம்புங்க."

ஹனீபா தலை குனிந்திருந்தான். மரைக்கார் விஷயம் தள்ளி வைத்தாயிற்று.

வீட்டில் சுபைதா: "எண்ட தம்பிட மானத்தப் பள்ளில வெச்சு வாங்கிட்டீங்களே!" சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. தொதல் தட்டு மூடியபடி.

சனி

அடை மழை. அஸர் தொழுகைக்குப் பிறகு ஹனீபா வந்தான். தொப்பி நனைந்து, கண் சிவந்து. சுபைதா கதிரையை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"மச்சான், நான் செஞ்சது பெரிய குத்தம். இனி எண்ட வாயில அந்தப் பேச்சு வராது." குரல் உடைந்தது. "வல்லாஹி வராது."

சுபைதா என்னைப் பார்த்தாள். அழுகிறான். நிசமாகவே அழுகிறான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"வல்லாஹி வராதா, நிசமா வராதா?"

என் வாய்தான் கேட்டது.