லூசியா அக்காவின் வெட்டாத கம்பளம்

என்ர லூசியா அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு வேற எழுத்தும் தெரியாது. நாங்கள் ரெண்டு பேரும் அரைகுறைப் பிரெஞ்சிலை கதைச்சே எல்லாம் விளங்கிக்கொண்டமே, இதுவும் விளங்கும்.

உங்கட தறி இப்ப எங்கட வீட்டிலை, சாமிப்படத்துக்குப் பக்கத்துச் சுவரிலை சாத்தியிருக்கு. உங்கட மேல்மாடியிலையிருந்து என்ர மனுசன்தான் தோளிலை வைச்சு இறக்கினார். "உன்ர சிநேகிதி பெரு நாட்டையே எங்கட சாமிப்படத்தடியிலை விட்டிட்டுப் போயிட்டா" எண்டார்.

உங்களை அடக்கம் செய்த கிழமை உங்கட மகள் எலேனா உங்கட அறையை ஒழிக்க வந்தவள். இப்ப அவளுக்கு வயிறு நல்லாத் தெரியுது, அக்கா. அந்தப் பிள்ளை தவழ எண்டு நீங்கள் நெய்த கம்பளத்திலை நாலு விரல் இடம் நெய்யாமல் கிடந்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இனி ஆர் இதை முடிக்கிறது, ராணி அன்ரி? வெட்டிக் கழட்டுவம்."

நான் அவளின்ர கையைப் பிடிச்சன். உங்கட ஆண்டீஸ் மலையிலை கம்பளத்தைத் தறியிலையிருந்து வெட்டி எடுக்கிறேல்லை, கடைசி இழை வரைக்கும் நெய்து முழுசாய்த்தான் கழட்டுறது எண்டு சொன்னீங்களே. வெட்டினால் அதுக்கு நோகும் எண்டீங்கள். நான் அதைச் சொல்ல, எலேனா கத்தரிக்கோலை வைச்சிட்டு அழுதாள். "அப்ப நீங்கள் முடியுங்கோ" எண்டாள்.

என்னை நம்பி.

கம்பளி திரிக்கக் காட்டித் தந்தபோது, விளக்குத்திரி மாதிரித் துடையிலை உருட்டினவள் நான். முறுக்கு இடப்பக்கம் விழுந்திட்டுது. நீங்கள் வயிறு பிடிச்சுச் சிரிச்சீங்கள். "எறியாதை தங்கச்சி, இடமுறுக்கு நூல் கெட்டதை மறிக்கும். கம்பளத்தின்ர கரைக்கு வைப்பம்" எண்டு உருண்டையாச் சுத்தி வைச்சீங்கள். அது உங்கட கூடைக்குள்ளை அப்பிடியே இருந்தது.

கடைசி இடத்துக்குள்ளை நூலை இழுக்க ஊசிதான் போகும் எண்டீங்கள். லா சப்பல் தமிழ்க்கடையிலை சாக்குத் தைக்கிற ஊசி வாங்கினன். போட்ட முதல் வரி சரிஞ்சு போச்சு. உருவி எடுத்துத் திரும்பப் போட்டன். இடுப்பு நோகேக்கை நீங்கள் என்ன செய்வீங்கள், அக்கா? பாடுவீங்களோ, பேசுவீங்களோ? கேக்காமல் விட்டிட்டன்.

எலேனாவின்ர பிள்ளை தவழ முதல் முடிச்சிடுவன். கடைசி நாலு விரலும் என்ர அந்த இடமுறுக்கு நூலிலை கோணலாய்த்தான் வரும். கத்தரிக்கோல் படாது. பிள்ளை தவழ்ந்து வாற நாளிலை, அந்தக் கோணல் கரையிலை நான் குந்தியிருப்பன்.

உங்களோடை கூடப்பிறக்காத தங்கச்சி,
கீழ்மாடி ராணி