மூன்றுக்கு மேல் கொஞ்சம்

நேற்று சாயந்திரம் நம்ம பொண்ணு டப்பா மூடியைச் சுற்றி நூல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் கணக்கு. "குறுக்களவை மூணு தடவை வச்சாலும் சுத்தி வரப் பத்தலப்பா, இன்னும் கொஞ்சம் வேணும். எந்த வட்டத்துக்கும் அப்படித்தானாம்" என்றாள். எனக்கு உன் கை ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

கல்யாணமான புதுசு. உப்பளத்திலிருந்து வந்து மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். உன் விரல்களைக் குவித்து நூலால் சுற்றி அளந்தேன். ஏழரை அங்குலம். வளையலுக்குக் குறுக்களவுதானே சைஸ்? பெரிய மேதாவி மாதிரி வெறும் மூன்றால் வகுத்தேன். ரெண்டரை. வளையல்காரர் கணக்கில் ரெண்டு எட்டு. கோட்டக்குப்பம் கடையில் "ரெண்டு எட்டு குடுங்க பாய்" என்று கெத்தாகக் கேட்டு வாங்கி வந்தேன். சோப்பே போடாமல் சரசரவென்று ஏறின. கையைத் தொங்கவிட்டால் இறங்கின.

"ஏங்க, எனக்கா வாங்கினீங்க, யானைக்கா?" என்றாய். ஆனால் மாற்றவிடவில்லை. அப்புறம் நீயே போனாலும் அந்த சைஸ்தான். "எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச சைஸு" என்று கடையில் சொல்லி என் மானத்தை வாங்குவாய். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைதான் என் கண்ணைக் கட்டிவிட்டது. பின்னாளில் உப்பு வாரும்போது வளையல் முழங்கை வரை ஏறியது, விரல் வழியே நழுவிப் பாத்தியில் விழுந்தது. உன் அண்ணி, "என்னம்மா இப்படி இளைச்சிட்ட?" என்று கேட்டாள். நான்தான் முந்திக்கொண்டு, "அவ எங்க இளைச்சா? நான் வாங்கிப் பழக்கின சைஸு அப்படி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போதே வலி இருந்ததா? கேட்கவே இல்லையே, பாவி நான். பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்பத்திலிருந்து இளைக்கிறாங்க?" என்றபோது திருதிருவென்று முழித்தேன். அங்கிருந்து நீ உயிரோடு வீடு திரும்பவில்லை.

இன்று காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது பொண்ணு கையில் வாட்ச் லூசாகத் தொங்கியது. பள்ளிக்கூடம் வேண்டாமென்று நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "வளர்ற பொண்ணு, ஒண்ணுமில்லங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

"வாட்ச்தானேப்பா லூசு, இதுக்குப் போயா?" என்று வெளியே வந்து கத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பட்டையைக் கடைசி ஓட்டை வரை இழுத்து மாட்டிக்கொண்டு, கையை நீட்டினாள். "இப்ப சரியாப்பா?"

மணிக்கட்டில் அச்சு விழும்படி இறுக்கியிருந்தாள். அதைத் தளர்த்திவிடக்கூட எனக்குப் பயமாக இருக்கிறதடி.