தண்ணீர் இறங்கக் காத்திருந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

காலையிலிருந்து காற்றில் சேற்று வாடை அடிக்கிறது. அணைத் தண்ணீர் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. பாசியும் செத்த மீனும் வெயிலில் காயும் வண்டலும் கலந்த அந்த வாடை தாங்காமல், பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "வருஷம் பூரா இந்த ஊர்ல என்னதான்க்கா செய்றது?" என்று கேட்டாள். மேட்டூருக்கு வந்த புதிதில் நானும் உங்களிடம் இதையேதான் கேட்டேன்.

சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். அணை ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது, இந்த ஊரின் அமைதியே என்னைப் பயமுறுத்தியது. எங்கு திரும்பினாலும் தண்ணீர். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அடுத்த வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரரான அண்ணன் அணை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் அப்படிக் கேட்டதும் நீங்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"பொழுதுக்கு என்ன அம்மிணி? எல்லாக் காலத்துக்கும் இங்க வேல கெடக்குது. வா, காட்டறேன்."

காட்டினீர்கள். ஆடியில் செந்நிறமாக நுரைத்து வரும் புதுத் தண்ணீரைப் பார்க்கப் போனோம். பதினெட்டாம் பெருக்கு அன்று முனியப்பன் கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஐப்பசி மழை ஓய்ந்த காலைகளில் பரிசல்காரர்கள் வலையை உதறும் இடத்தில் போய் நின்று, துள்ளும் கெளுத்தியை முறத்தில் வாங்கி வந்தோம். மார்கழியில் பனிமூட்டம் தண்ணீரையே மறைத்துவிடும். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். "இப்பத்தான் கடலு மாதிரி இருக்குது" என்பீர்கள். நாம் இருவருமே கடலைப் பார்த்ததில்லை. மாசியில் தண்ணீர் விலகிய ஈரத்தில் வெள்ளரி விதை ஊன்றினோம். பங்குனியில் பிஞ்சைப் பறித்து அங்கேயே உப்புத் தொட்டுத் தின்றோம். அப்போதெல்லாம் அணை கட்டியபோது முழுகிப்போன ஊர் ஒன்றின் கோபுர உச்சி தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். சேலத்திலிருந்துகூட ஜனங்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள்.

இவையெல்லாம் எனக்காகச் செய்தவை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கோயில் கூட்டத்திலும் மீன் வாங்கும்போதும் உங்கள் கண் கரையிலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு பங்குனி மாலை, வெள்ளரிக் கொடிக்கு நடுவே உட்கார்ந்து கோபுரத்தைக் கைகாட்டினீர்கள்.

"அது எங்கூரு அம்மிணி. கோபுரத்துக்குக் கெழக்கால, பள்ளத்துல எங்க ஊடு. ஊட்டுக்குப் பொறத்தால ஒரு புளியமரம். அதுக்கடியிலதான் எம் பொண்ணு இருக்குது."

பெயர் வைப்பதற்குள் போய்விட்ட குழந்தை என்று சொன்னீர்கள்.

"ஊரக் காலி பண்ணச் சொன்னப்ப கதவு, வாசல் நெல, ஆட்டாங்கல்லு எல்லாத்தையும் வண்டியில ஏத்துனோம். அவள எப்படி ஏத்தறது? ஒவ்வொரு கோடையும் பாக்கறேன். கோபுரம் தெரியுது. பள்ளம் தெரிய மாட்டேங்குது."

அதற்குப் பிறகு உங்களுக்குக் குழந்தை தங்கவேயில்லை. இந்தக் கரையை விட்டுப் போகக்கூடாது என்றுதான் அண்ணனை அணை வேலையிலேயே சேரச் சொன்னீர்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பிறகு குடகில் மழை பொய்த்த வருஷம் வந்தது. ஊரே வானத்தைப் பார்த்துக் கவலைப்பட்டது. உங்கள் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். அதை மறைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வைகாசியில் கோபுரத்தின் அடியையும் தாண்டித் தண்ணீர் இறங்கியது. நீங்கள் மஞ்சளும் குங்குமமும் ஒரு சின்னப் பாவாடைத் துணியும் எடுத்துக்கொண்டீர்கள். நாம் இருவருமாக நடந்தோம்.

வெடித்த சேறு காலைக் குத்தியது. கோயிலைத் தாண்டிக் கிழக்கே இறங்கினோம். அங்கே ஊர் இருந்ததற்கான அடையாளமே இல்லை. வண்டல் பள்ளத்தை மேடாக்கியிருந்தது. தெரு எது, வீடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மண்ணாகக் கிடந்தது.

"மரத்த வெட்டிட்டுத்தான் தண்ணி உட்டாங்க. அடிக்கட்டையாச்சும் இருக்கும் அம்மிணி" என்றீர்கள்.

துருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு மேட்டுக்கும் போய்க் கையால் மண்ணைக் கிளறினீர்கள். ஒன்று கல். ஒன்று இடிந்த சுவர். நானும் கிளறினேன். வெயில் உச்சிக்கு வந்தது. உங்கள் நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. "போதும்க்கா" என்றேன். நீங்கள் எழுந்து நின்று, அந்தப் பரப்பு முழுவதையும் பார்த்து ஒரு தடவை கூப்பிட்டீர்கள்.

"பாவாயீ!"

பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னீர்கள். "அதான் நா நெனச்சு வெச்சிருந்த பேரு. அவருக்குக்கூடச் சொன்னதில்ல."

துணியை எங்கே வைப்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை. திரும்ப மடித்து இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

ஆடியில் புதுத் தண்ணீர் வந்தது. "வாரீங்களாக்கா?" என்று உங்கள் வாசலில் நின்று கேட்டேன்.

"நீ போயிட்டு வா சாமி. எனக்குப் பாக்க ஒண்ணுமில்ல."

ஐப்பசியில் உங்களுக்குக் குளிரெடுக்கும் முறைக்காய்ச்சல் வந்தது. ஊரில் பலருக்கும் வந்தது, பலரும் எழுந்து நடமாடினார்கள். கம்பவுண்டர் கொடுத்த கொயினா மருந்தை நான் ஊட்டியபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கசப்புக்காக இல்லை என்று எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். அவர் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டீர்கள்.

தண்ணீர் ஒருநாளும் ஏற முடியாத மேடாகத் தேடி, அண்ணன் அங்கே உங்களை அடக்கம் செய்தார். அன்பால்தான் அப்படிச் செய்தார். பிள்ளை பள்ளத்திலும் தாய் மேட்டிலுமாக ஆகிப்போனதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு அவரும் ஆட்டையாம்பட்டியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பெண் பிறந்தபோது அந்தப் பெயரை வைக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. என் மகள் அதற்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால், உங்கள் மகளுக்கு அதுவும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் பெயர் என்னிடம் இருக்கிறது. எனக்குப் பிறகு யாரிடமும் இருக்காது. கரையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சில நாள் சத்தமாகச் சொல்கிறேன். கேட்பதற்கு யாரும் இல்லை, அக்கா. இருந்தும் சொல்கிறேன்.