அக்கா கேட்ட பிள்ளை

1924 ஆகஸ்டு 4

மெத்தையைப் பிரித்துக் கம்பளியை மூட்டை கட்டினேன். இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டன: துருக்கியில் எங்கள் ஊரிலுள்ள கிறிஸ்தவர்கள் எல்லோரும் இந்த மாதத்துக்குள் கிரேக்க நாட்டுக்குப் போய்விட வேண்டும். அங்குள்ள முஸ்லிம்கள் இங்கே வருவார்களாம். எங்களுக்குக் கிரேக்கத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. சண்டை, ஜெபம் எல்லாம் துருக்கி மொழியில்தான்.

என் மகள் எலிசாவெட்டுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஐந்து வயது, தூக்கினால் கனமே இல்லை.

ஆகஸ்டு 7

அக்கா வந்தாள். ஒரு துருக்கியனைக் கட்டிக்கொண்டு மதம் மாறியவள். எவான்தியா என்ற பெயர் போய் நிகார் ஆகிப் பதினோரு வருடம். அதனால் அவள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. வாசலிலேயே நின்றாள்.

"மக்ரினா, புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போ. மெர்சின் துறைமுகம் வரைக்கும் வண்டி, அப்புறம் கப்பல். தாங்க மாட்டா. தேறினதும் எப்படியாவது அனுப்பிடறேன்."

அனுப்ப மாட்டாள். பிள்ளை இல்லாதவள். நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது.

"ஒரு ஆம்பளைக்காகச் சாமிய வித்தவ நீ. இப்ப எம் புள்ளயும் வேணுமா?"

"பெரியம்மா" என்று எலிசாவெட் கையை நீட்டினாள். நான் கதவைச் சாத்தினேன்.

ஆகஸ்டு 8

துருக்கிப் பட்டாளத்துக்குக் கல்லுடைக்கக் கூட்டிப்போன என் புருஷன் திரும்பவே இல்லை. அவரைக் கொன்றவர்கள் வீட்டிலா என் பெண் வளர வேண்டும்? சரியாகத்தானே சொன்னேன்?

ஆகஸ்டு 14

வண்டிகள் கிளம்பின. தெருமுனையில் அக்கா நின்றாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகஸ்டு 30

கப்பல். ஆளுக்கு ஒரு குவளை தண்ணீர். என்னுடையதையும் எலிசாவெட்டுக்கே கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 6

கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துக்கு எதிரே ஒரு தீவு. தொற்றுநோய்க்குப் பயந்து எங்களை இங்கே அடைத்திருக்கிறார்கள். எல்லோர் தலையையும் மழித்தார்கள். துணிகளை நீராவியில் போட்டுவிட்டார்கள். எலிசாவெட் ஒரு சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் ஓடிக் கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பாஷை தெரிந்த காவலாள் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அவர்கிட்ட துருக்கி பேசாதம்மா. கோவப்படுவாரு."

பிறகு எந்தப் பாஷையில் சொல்வது, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று?

செப்டம்பர் 9

எலிசாவெட் போய்விட்டாள். பதினேழு பேருக்கு ஒரே குழி. சுண்ணாம்பு கொட்டினார்கள். முகத்தையாவது மூடுகிறேன் என்றேன் — விடவில்லை.

1925 மார்ச் 2

லாரிசா நகருக்குப் பக்கம் ஒரு கிராமம், கூடாரத்தில் வாசம். கிணற்றடியில் ஊர்ப் பெண்கள் என் வாளியை உதைத்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். உடன் வந்தவள் அர்த்தம் சொன்னாள்: துருக்கனுக்குப் பொறந்தவ. நான் கற்றுக்கொண்ட முதல் கிரேக்கம் அதுதான்.

மே 20

அக்காவின் கடிதம். எங்களோடு கிரேக்கம் வந்த ஊர்ப் பாதிரியாரைக் கடிதத்தாலேயே தேடிப் பிடித்து என் விலாசம் வாங்கியிருக்கிறாள். கோபமில்லையாம். பெற்றவள் விட்டுப் போக மாட்டாள்தான், நான் கேட்டிருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாள். "புள்ள தேறிட்டாளா? குளிருக்குக் கம்பளிக் காலுறை பின்னறேன். கால் அளவு அனுப்பு."

மே 23

பக்கத்துக் கூடாரத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு அனுப்ப அதன் காலை நூலால் அளந்தேன். ஒரு விரற்கடை கூட்டி வெட்டினேன், எலிசாவெட் இதற்குள் வளர்ந்திருப்பாள்.