டாக்டருக்குக் காட்ட ஒரு பழைய படம்

முட்டம்
14.10.2012

மஸ்கட்டில் ஊசி போட்டு ஊராரை அழவைக்கும் அன்பு லிஜி அக்காவுக்கு,

உன் ஒரே தங்கை ரெஜிஷா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். உன் நலத்தைக் கேட்கப்போவதில்லை. ஜனவரியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நலமில்லாமல் இருந்தால்தான் செய்தி. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் நாளை விமானம் ஏறும் பெனிட்டோ அண்ணனிடம், உனக்கான நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கடிதம் நாறினால் பாதிப் பழிதான் கருவாட்டுக்கு.

என் இடக்கன்னத்து மச்சத்துக்கு நீ ஏற்பாடு செய்த லேசர் டாக்டரைப் பார்க்கச் சனிக்கிழமை நாகர்கோவில் போகிறோம். அன்றைக்குப் பேச்சு மட்டும்தானாம், சூடு பிறகாம். மீன் பிடிக்கிற அப்பாவுக்கு மச்சத்தோடு ஒரு பிள்ளை பிறந்ததில் என்ன அதிசயம் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

முகத்தில் வெயில் படக்கூடாது என்று கிளினிக்கில் போனில் சொன்னதால் பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துப் போகிறேன். "ஏலே, பிஷப் வாறாருடேய்!" என்று பையன்கள் கத்துகிறார்கள், பவனியில் பிஷப்புக்குத்தானே குடை பிடிப்பார்கள். நானும் மோதிரத்தை முத்தமிடச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டே நடக்கிறேன். முகத்தில் எதுவும் தடவக்கூடாது என்றும் சொன்னார்கள். அம்மாவுக்கு அது மட்டும் ஏறவில்லை. அவளுக்கு டாக்டர் என்றால் பெண் பார்க்க வருகிறவர் மாதிரி. "அந்த மனுசன் முன்னால இப்படியே போயி இருப்பியாட்டி? கொஞ்சம் பவுடராவது போடு" என்கிறாள். நோயை மறைத்துக்கொண்டு வைத்தியத்துக்குப் போகிற முதல் குடும்பம் நாமாகத்தான் இருப்போம்.

சின்ன வயதுப் படங்களும் கொண்டுவரச் சொன்னார்கள். மச்சம் வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பாராம். பீரோவில் இருந்த ஆல்பங்களை எல்லாம் இறக்கினேன். ஞானஸ்நானப் படத்தில் துணி மூடியிருக்கிறது. முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் இரண்டு கன்னமும் ஒரே வெள்ளை. மற்றதிலெல்லாம் நான் வலப்பக்கமாக மட்டுமே வாழ்ந்திருக்கிறேன். திருவிழாவில் எடுத்த ஒன்றில் என் இடக்கன்னத்தின் மேல் உன் கை இருக்கிறது. அக்கா பாசமாக அணைத்திருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திருத்தாத படம் கிடைக்குமா என்று ஸ்டுடியோ பொன்னுலிங்கம் அண்ணாச்சியிடம் போனேன். "அழிச்சதுதான் மக்கா இருக்கு. உங்க அம்மை சொல்லுவா, நான் கம்ப்யூட்டர்ல தேய்ப்பேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலையின் பெருமையில், இந்த வருசத்துக் குடும்பப் படத்துக்கு நீயே மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னதையும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படமாம், தங்கச்சி முகத்தை நல்லாத் தேய்க்கச் சொன்னாயாம்.

அவர் கடையில் நின்றபோதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. மாப்பிள்ளை லிஜின் அத்தானின் வீட்டார் நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கு என்னைச் சித்தியோடு பேச்சிப்பாறை அணை பார்க்க அனுப்பினீர்கள். நான் சந்தோசமாக மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். இப்போது அவர்களுக்கு அனுப்பிய அந்தக் குடும்பப் படம் பொய்யாகிவிடக்கூடாது என்று என் முகத்தைத் திருத்தப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று, அம்மா உன்னிடம் சொல்லாதது. லேசர் ஒரே தடவையில் வேலை செய்யாதாம். இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டுமாம். நிறம் கொஞ்சம் மங்கலாம், முழுவதும் போகுமென்று சொல்ல முடியாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஜனவரியில் மச்சம் என்னோடுதான் இருக்கும், அக்கா. கோயிலில் உன் பக்கத்தில் தோழியாக நிற்கப் பெரியம்மா மகள் ஜெனிட்டாவுக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தாயிற்று. கூடப்பிறந்தவள் இருக்க ஏன் இன்னொருத்தி என்று ஊர் கேட்டால், எனக்குப் பரீட்சை என்று சொல்வதாக ஏற்பாடாம்.

எனக்கும் இது போகவேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தொட்டால் ஒட்டுமா என்று பார்க்கிற பார்வையை நீ ஒரு நாள் பட்டிருந்தால் தெரியும். சனிக்கிழமை போகத்தான் போகிறேன். எனக்காகப் போகிறேன். உன் கல்யாண வீடியோவுக்காக இல்லை.

டாக்டருக்காக அண்ணாச்சியிடமே புதுப்படம் எடுத்தேன், இடக்கன்னம் முழுவதும் தெரிய. தேய்க்காமல் பிரிண்ட் போட அவருக்கு மனமே வரவில்லை. அதில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். லிஜின் அத்தானும் மஸ்கட்டில்தானே இருக்கிறார், ஒருநாள் நேரில் காட்டு. என் தங்கை இவள்தான் என்று சொல். முகம் சுளித்தால் அவர் இப்போதே சுளிக்கட்டும். உனக்கும் நல்லதுதான்.

சகல புனிதர்களும் உனக்குத் துணையிருக்கட்டும். முக்கியமாகப் புனித ரோக்கு. தொடைப் புண்ணைத் திறந்து காட்டிக்கொண்டேதான் பீடத்தில் நிற்கிறார். அவருக்கும் மாலை போட்டுக் கும்பிடுகிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, அம்மா கேட்டாலும் பரவாயில்லை, காட்டிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். ஜெனிட்டாவின் பாவாடை எனக்கும் அளவாகத்தான் இருக்கும்.

உன் தங்கை,
ரெஜிஷா